‘சும்மா ஒரு மீட்டிங் வந்து பாருங்க’: எம்எல்எம்மில் இறங்கிய சொந்தக்காரர்களை எப்படிச் சமாளிப்பது?

2024 ஜனவரி கடைசியில் கோவை நீலாம்பூரில் கூடிய அந்தக் கூட்டத்தின் வீடியோ பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கான பேர். மொபைலில் விளம்பரம் பார்த்தால் காசு என்று சொல்லி உறுப்பினர்களைச் சேர்த்த ‘மைவி3 ஆட்ஸ்’ நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்திருந்த நேரம் அது. கூடியவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வரவில்லை. ‘எங்க கம்பெனி மேல கை வைக்காதீங்க’ என்று ஆதரவு தெரிவிக்க வந்திருந்தார்கள். நிறுவனமும் குற்றச்சாட்டை மறுத்தது.

சோஷியல் மீடியாவில் அன்று முழுக்கச் சிரிப்புதான். ‘இத்தனை ஏமாளிகளா?’ என்று மீம் போட்டுத் தள்ளினார்கள். ஆனால் சொந்த வீட்டிலேயே ஒருவர் இப்படி ஒரு திட்டத்தில் இருக்கிறார் என்றால் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்காது. அங்கே நின்றவர்களில் பலரும் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள். அதைவிட முக்கியமாக, தங்களுக்குக் கீழே தங்கையை, பக்கத்து வீட்டு அக்காவை, கூட வேலை பார்ப்பவரைச் சேர்த்துவிட்டவர்கள். கம்பெனி விழுந்தால் அவர்கள் எல்லோரும் கேள்வி கேட்கப்போவது கம்பெனியை இல்லை. சேர்த்துவிட்டவரைத்தான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் எம்எல்எம் விஷயத்தில் வீட்டுக்குள் எந்தப் பேச்சும் நகராது.

பெயர்ப் பட்டியலில் நீங்கள் எத்தனையாவது ஆள்?

எம்எல்எம் என்றால் மல்ட்டி லெவல் மார்க்கெட்டிங். நீங்கள் ஒரு பொருளை விற்றால் கமிஷன். நீங்கள் சேர்த்துவிட்டவர் விற்றால் அதிலும் பங்கு. அவர் சேர்த்துவிட்டவர் விற்றாலும் பங்கு. உங்களுக்கு மேலே இருப்பவர் ‘அப்லைன்’, கீழே இருப்பவர்கள் ‘டவுன்லைன்’. பல திட்டங்களில் லெஃப்ட், ரைட் என்று இரண்டு கை. இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தால் ‘பேர்’ அடிக்கும், காசு வரும் என்பார்கள்.

புதிதாகச் சேர்கிறவருக்குத் தரப்படும் முதல் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு நோட்டு எடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுத வேண்டும். முதல் பத்தில் அம்மா, அண்ணன், மச்சான். அடுத்த முப்பதில் ஸ்கூல், காலேஜ் நண்பர்கள், பழைய ஆபீஸ் ஆட்கள். ஆறு வருடமாகப் பேசாத கிளாஸ்மேட்டிடமிருந்து திடீரென்று ‘ஹாய் மச்சி, எப்படி இருக்க? லைஃப் எப்படிப் போகுது?’ என்று மெசேஜ் வந்தால், அந்த நோட்டில் உங்கள் பெயரை இப்போதுதான் டிக் அடித்திருக்கிறார் என்று யூகிக்கலாம்.

என்ன கம்பெனி என்று முதலிலேயே சொல்ல மாட்டார். ‘போன்ல சொன்னா புரியாது, ஒரு பத்து நிமிஷம் நேர்ல பார்க்கலாம்’ என்பார். பத்து நிமிஷம் என்பது ஹோட்டல் ஹாலில் இரண்டரை மணி நேரமாக இருக்கும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஜூம் மீட்டிங். மேடையில் கோட் போட்ட ஒருவர் தான் முன்பு ஆட்டோ ஓட்டியதையும் இப்போது கார் வாங்கியதையும் சொல்வார். கார் எடுத்த கதையில் இ.எம்.ஐ. பற்றி ஒரு வார்த்தை வராது.

இதில் உங்களைப் பாதிக்கிற பாடம் ஒன்று உண்டு. ‘உங்களை முதலில் எதிர்க்கப்போவது உங்கள் குடும்பம்தான். அவர்கள் நெகட்டிவ் ஆட்கள். ஜெயித்த பிறகு அவர்களே வருவார்கள்’ என்று சேர்ந்த வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் நீங்கள் கோபப்பட்டுக் கத்தும்போது அவர் அசர மாட்டார். மீட்டிங்கில் சொன்னது அப்படியே நடக்கிறதே என்று திட்டத்தின் மீது அவருக்கு நம்பிக்கை கூடத்தான் செய்யும். யூடியூப் வீடியோ லிங்க்குகளை ஃபேமிலி குரூப்பில் கொட்டுவதற்கும் இதே பலன்தான்.

ஐந்தை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்

ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்கிறார், அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். 5, 25, 125, 625 என்று போகும். 11-வது அடுக்கு வரும்போது மொத்தம் சுமார் 6.1 கோடி பேர். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். 13-வது அடுக்கில் 152 கோடியைத் தாண்டிவிடும். அதாவது இந்தியாவில் பிறந்த குழந்தை வரைக்கும் சேர்த்தாலும் ஆள் போதாது.

இதைப் பலர் கேட்டிருப்பார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்த ஐந்து ஐந்து மரத்தை எந்த அடுக்கில் நிறுத்தினாலும், மொத்த ஆட்களில் 80 சதவீதம் பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாருமே இல்லை. திட்டம் சூப்பராக ஓடுகிற நாளிலும் இதுதான் நிலைமை. அவர்களுடைய உழைப்பிலோ பேச்சுத் திறமையிலோ குறை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘நீங்க சரியா டீம் கட்டல, அதான்’ என்று அப்லைன் சொல்லும்போது, கடைசி வரிசையில் இருப்பவர் தன் மீதே பழி போட்டுக்கொள்கிறார்.

அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், 70 எம்எல்எம் நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை தந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது வருடத்துக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. அதிலிருந்து செலவைக் கழிக்கவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

‘இது லீகல் கம்பெனி, ஜிஎஸ்டி இருக்கு, எம்சிஏ-ல ரெஜிஸ்டர் பண்ணிருக்கு’ என்பார்கள். கம்பெனியைப் பதிவு செய்வது வேறு, அந்தக் கம்பெனி நடத்தும் திட்டம் சட்டத்துக்கு உட்பட்டதா என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நேரடி விற்பனை, அதாவது டைரக்ட் செல்லிங், இந்தியாவில் தடை செய்யப்பட்ட தொழில் இல்லை. ஆனால் பொருளை விற்று வரும் லாபம் இல்லாமல், ஆள் சேர்ப்பதால் காசு வருகிறது என்றால் கதை மாறும். பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. இந்தச் சட்டப்படி அப்படி ஒரு திட்டத்தை நடத்துவது குற்றம். அதில் உறுப்பினராகச் சேர்வதும் பங்கேற்பதும்கூடக் குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. (ஊரில் நடக்கும் பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனிகளுக்கு 1982-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. ‘சீட்டு’ என்ற ஒரு வார்த்தையால் இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.)

2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனை விதிகள் வந்தன. பிரமிடு திட்டங்களுக்கும் பணச் சுழற்சித் திட்டங்களுக்கும் அதில் தெளிவான தடை. நிறுவனத்துக்கு இந்தியாவில் அலுவலகம், விற்பவருடன் எழுத்துபூர்வமான ஒப்பந்தம், குறைதீர் அதிகாரி எல்லாம் இருக்க வேண்டும். சேர்ந்தவர் யோசித்துப் பார்த்து விலகிக்கொள்ள நியாயமான அவகாசம் தர வேண்டும். அடையாள அட்டையும் முன்கூட்டியே அனுமதியும் இல்லாமல் விற்பவர் உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. ‘நீங்க இன்னும் ரெண்டு பேரைக் காட்டுங்க, போட்ட காசு திரும்பிடும்’ என்று சொல்லிப் பொருளை விற்பதும் கூடாது. கடைசியில் சொன்ன இந்த விதியை எத்தனை மாமாக்கள், எத்தனை அத்தைகள் ஒவ்வொரு ஞாயிறும் மீறுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

பெரிய பிராண்ட் என்பதும் பாதுகாப்பு இல்லை. 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய் சொத்துகளை அமலாக்கத்துறை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்நிறுவனத்தின் ஆலையும் அதில் அடக்கம். 2011 முதல் நடக்கும் விசாரணை தொடர்பானது இது, தொடர்ந்து ஒத்துழைத்து வருகிறோம் என்றது நிறுவனம்.

பொருளே இல்லாமல் ‘மாத வட்டி’ என்று சொல்லி ஆள் சேர்ப்பது வேறு வகை. சென்னையை உலுக்கிய ஆருத்ரா கோல்டு வழக்கில் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாகப் போலீஸ் சொன்னது. அது எம்எல்எம் இல்லை, டெபாசிட் மோசடி வழக்கு. ஆனால் பரவிய வழி ஒன்றுதான்: அண்ணன் சொல்லித் தம்பி, தம்பி சொல்லி மாமனார். அந்த வழக்கில் இயக்குநர்களோடு ஏஜென்ட்டுகளும் கைதானார்கள். ‘நான் சும்மா இன்ட்ரோ தான் கொடுத்தேன்’ என்பது போலீஸ் ஸ்டேஷனில் எடுபடும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

‘வேண்டாம்’ என்பதை எப்படிச் சொல்வது?

நண்பனிடம் சொல்வது சுலபம். ‘மச்சி, எம்எல்எம்னா நான் வரல. வேற எதுக்குன்னாலும் கூப்பிடு’ என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே அடுத்த வாரம் ஒரு டீக்குக் கூப்பிடலாம். சிக்கல் பெரியவர்களிடம். பொண்டாட்டியின் அண்ணன், படிப்புக்கு உதவிய சித்தப்பா, சின்ன வயதில் தூக்கி வளர்த்த அத்தை. இவர்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயந்துதான் பலர் ‘யோசிச்சுச் சொல்றேன் மாமா’ என்கிறார்கள்.

அந்தப் பதில்தான் ஆபத்து. மீட்டிங்கில் ‘யோசிக்கிறேன் என்று சொல்பவரை மூன்று முறை ஃபாலோ-அப் செய்யுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ‘இப்ப கையில காசு இல்ல’ என்று சொன்னால் கிரெடிட் கார்டு இருக்கிறதா என்ற கேள்வி வரும். ‘டைம் இல்ல’ என்றால் பார்ட் டைமாகச் செய்யலாமே என்பார். காரணம் சொன்னால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ரெடிமேட் பதில் இருக்கிறது. காரணமே இல்லாத மறுப்புக்குத்தான் பதில் இல்லை. ‘மாமா, நீங்க என்மேல இருக்கிற அக்கறையில சொல்றீங்கன்னு தெரியும். ஆனா ஆள் சேர்க்கிற எதுலயும் நான் சேர்றதில்ல. இது முடிவு பண்ணின விஷயம். அத்தையைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க.’ இவ்வளவு போதும். மறுபடி கேட்டால் மறுபடி இதையே சொல்லலாம். கம்பெனி நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் இறங்கினால் நீங்களும் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்த மாதிரிதான்.

‘சரி, ஒரு டப்பா வாங்கிட்டா விட்டுடுவாரு’ என்று நினைத்துப் புரோட்டீன் பவுடரோ டூத் பேஸ்ட்டோ வாங்குகிறவர்கள் ஏராளம். மொய் எழுதுகிற மனசுதான் இது. ஆனால் மொய்ப் பணம் விசேஷம் நடத்துகிறவர் கைக்குப் போகிறது, நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பியும் வருகிறது. இந்த டப்பாவுக்குக் கொடுத்த 2,000 ரூபாயில் மாமா கையில் நிற்பது சொற்பம், மீதி மேலே போய்விடும். அவருக்கு நீங்கள் கொடுத்தது இன்னும் ஒரு மாத நம்பிக்கை. ‘பார்த்தியா, மாப்பிள்ளையே வாங்கிட்டாரு’ என்று அடுத்த வீட்டில் சொல்ல உங்கள் பெயரும் சேர்ந்து போகும். நிஜமாகவே அவருக்குப் பணக் கஷ்டம் என்று தெரிந்தால், முடிந்த தொகையைக் கையில் கொடுத்துவிடலாம். அது உதவி. டப்பா உதவி இல்லை.

இன்னொரு வலை இருக்கிறது. ‘பணம் நானே கட்டிக்கிறேன், உன் ஆதார், பான் மட்டும் கொடு, ஒரு ஐடி போட்டுக்கறேன்.’ டார்கெட் முடிக்க, லெஃப்ட் ரைட் சமன் செய்ய, வீட்டில் இருக்கும் எல்லோர் பெயரிலும் ஐடி திறப்பது இந்தத் தொழிலில் சகஜம். கொடுத்தால் ரெக்கார்டில் உறுப்பினர் நீங்கள்தான். உங்களுக்குக் கீழே யாரென்றே தெரியாத ஆட்கள் வருவார்கள், கமிஷன் உங்கள் பான் எண்ணில் பதிவாகும். நாளைக்கு ஒரு புகார் வந்தால் அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை என்று மறுக்க வேண்டிய இடம் இது.

மேனேஜரோ டீம் லீடோ கேட்டால்? ஆபீஸில் இது பலருக்கும் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுத்தில் மறுத்துவிடுவது நல்லது. அப்ரைசலில் கை வைப்பார் என்ற பயம் இருந்தால் அந்த மெசேஜ் ஹெச்ஆரிடம் காட்ட உதவும்.

வீட்டுக்குள்ளேயே என்றால்…

மேலே சொன்னதெல்லாம் வெளி ஆட்களுக்கு. கணவரோ மனைவியோ அம்மாவோ உள்ளே இருந்தால் ‘நான் வரல’ என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. பணம் ஒரே வீட்டிலிருந்துதான் போகிறது.

அவருடைய நம்பிக்கையை உடைப்பதை விட முதலில் செய்ய வேண்டியது பணத்துக்கு வேலி போடுவது. ஜாயின்ட் அக்கவுன்ட்டில் எவ்வளவு வைப்பது, கிரெடிட் கார்டு யாரிடம் இருப்பது, நகையை அடகு வைப்பதென்றால் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும் என்பது போன்ற விஷயங்கள். ‘உங்க பிசினஸை நான் நிறுத்தச் சொல்லல. ஆனா வாடகை, ஸ்கூல் ஃபீஸ், அப்பா மருந்துச் செலவு, இந்த மூணுக்கும் உள்ள காசைத் தொடக் கூடாது’ என்று கேட்டால் தீவிரமாக இருப்பவர்கூட ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். லோன் ஆப்பில் கடன் வாங்கிப் பேக்கேஜை அப்கிரேட் செய்கிற கட்டம் வந்துவிட்டால் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்தது கணக்கு. உதாரணத்துக்கு, சேரும்போது 12,000 ரூபாய்க்குப் பொருள். பிறகு ‘ஆக்டிவ்’ ஆக இருக்க மாதம் 3,500 ரூபாய்க்கு வாங்க வேண்டும். பெட்ரோல், ஹால் கட்டணம், வருகிறவர்களுக்கு டீ, வடை எல்லாம் மாதம் 1,500. பத்து மாதத்தில் போனது 62,000 ரூபாய். வந்த கமிஷன் 14,000 என்று வைப்போம். 48,000 நஷ்டம், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகள் நீங்கலாக. ஆனால் அவரிடம் கேட்டால் 14,000 சம்பாதித்ததாகத்தான் சொல்வார். பொய் இல்லை. கமிஷன் வந்த நாளில் எஸ்எம்எஸ் வந்தது, குரூப்பில் கைதட்டினார்கள், ஸ்டேட்டஸ் வைத்தார். போன காசுக்கு யாரும் கைதட்டவில்லை. அது 300, 800 என்று சில்லறையாகப் போனது.

அதனால் ‘நீ ஏமாந்துட்ட’ என்று ஆரம்பிக்காமல், ‘பிசினஸ்னா கணக்கு எழுதணும்ல, வா, உட்கார்ந்து எழுதுவோம்’ என்று ஆரம்பிப்பது நல்லது. ஜிபே, போன்பே ஹிஸ்டரியே பாதி வேலையைச் செய்துவிடும். கமிஷன் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் கம்பெனி டிடிஎஸ் பிடித்தாக வேண்டும், அது வருமான வரித் தளத்தில் உள்ள ஏஐஎஸ் அறிக்கையில் தெரியும். மேடையில் லட்சக்கணக்கில் சம்பாதிப்பதாகச் சொல்லும் அப்லைனிடம் செக் போட்டோவுக்குப் பதில் இந்த அறிக்கையைக் கேட்கச் சொல்லலாம். கேட்டவருக்குக் கிடைக்கும் பதிலே போதும், நீங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

கணக்கு எழுதும்போது முகம் வாடும். அந்த நேரத்தில் குத்திக்காட்டினால் நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

இதில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம் ஒன்று உண்டு. சப்ளிமென்ட் பவுடரை நம்பி சுகர் மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்துவது. ‘மூணு மாசத்துல சுகர் நார்மல் ஆயிடும்’ என்று டீம் குரூப்பில் வாய்ஸ் நோட் வந்திருக்கும். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. ஹெல்த் சப்ளிமென்ட் டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த வரியைத் தேடிக் காட்டுங்கள். அப்பாவை அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் டப்பாவோடு கூட்டிப்போய்விடுங்கள். பிள்ளை சொன்னால் கேட்காதவர் டாக்டர் சொன்னால் கேட்பார். பணம் போனால் போகிறது, இதில் பொறுமைக்கு வேலை இல்லை.

வெளியே வர விடாமல் தடுப்பது எது?

பல மாதம் கழித்து, நஷ்டம் என்று தெரிந்த பிறகும் பலர் விலகுவதில்லை. போட்ட காசை எடுத்துவிடலாம் என்ற ஆசை ஒரு காரணம். அதைவிடக் கனமானது முகம். தங்கச்சி வீட்டுக்காரர் 30,000 கட்டியிருப்பார். கூட வேலை பார்த்த அக்கா மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசில் பேக்கேஜ் எடுத்திருப்பார். ‘நான் விலகிட்டேன்’ என்று சொல்லும் நாளில் அவர்கள் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது? திட்டம் நல்லதுதான் என்று நம்பிக்கொண்டே இருந்தால் அந்த நாளைத் தள்ளிப்போடலாம். நீலாம்பூரில் அன்று கூடிய கூட்டத்தில் இந்தத் தவிப்போடு நின்றவர்களும் கட்டாயம் இருந்திருப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் உதவ முடிகிற இடம் இதுதான். ‘நீ விலகினா, அவங்ககிட்ட பேச நானும் கூட வர்றேன்’ என்ற ஒரு வாக்கியம், நூறு யூடியூப் லிங்க் செய்யாத வேலையைச் செய்யக்கூடும்.

முதலில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும், ஸ்டேட்டஸ் வைப்பதை நிறுத்த வேண்டும். கம்பெனியிலிருந்து விலகுவது பிறகு நடக்கட்டும். அதன் பின் சேர்த்துவிட்டவர்களிடம் அவரே போய்ச் சொல்ல வேண்டும், வேறு வழியில் அவர்கள் காதுக்குப் போவதற்கு முன்னால். ‘எனக்கு நஷ்டம். உங்களையும் இழுத்து விட்டுட்டேன். இனிமே காசு போடாதீங்க’ என்று சொல்வது கஷ்டம்தான். திட்டுவார்கள். சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அடுத்த மாத 3,500 ரூபாயை அவர்கள் கட்டாமல் இருப்பார்கள். முடிந்தவர்கள் நெருங்கியவர்களின் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சட்டப்படி அது கடனா என்று பார்ப்பதை விட, தங்கச்சி வீட்டு வாசலை மறுபடி மிதிக்க வேண்டுமே என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

விற்காத பொருளைத் திருப்பிக் கொடுக்க ஒப்பந்தத்தில் வழி இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் என்று பாருங்கள். சீல் பிரிக்காத பெட்டிகளைத் தனியே எடுத்து வைத்து, பில்லோடு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பலாம். அப்லைனிடம் வாயால் சொல்லிப் பலனில்லை. நிறுவனம் கண்டுகொள்ளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டெபாசிட், மாத வட்டி என்று வாங்கியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவு. ஆப், ஆன்லைன் டாஸ்க் வழியாகப் பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும். போன பணம் எந்தக் கணக்கிலாவது நின்றிருந்தால் அதை முடக்க, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கம்பெனி குரூப்புகளிலிருந்து வெளியேறுவதற்கு முன் சாட், வாய்ஸ் நோட், ரசீது எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். குரூப்பை அட்மின் டெலிட் செய்துவிட்டால், யார் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்காது.

குரூப்பிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே அப்லைன் போன் செய்வார். முதல் போனில் அன்பு, இரண்டாவதில் ‘இன்னும் ஒரே மாசம் பொறுத்திருந்தா ராங்க் வந்திருக்கும்’, மூன்றாவதில் ‘உன்னை நம்பித்தானே டீம் இருக்கு’. அந்த ஒரு வாரம், அந்த நம்பரிலிருந்து வரும் போனை வீட்டில் வேறு யாராவது எடுத்துப் பேசலாம்.